பல நாடு சுற்றும் கோல்கீப்பர் வாழ்க்கை: மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு மைதானத்தில் காலையில் கீப்பர் பயிற்சி கொடுக்கிறேன். பையன்கள் கேட்பதும், கொண்டுவந்து விடும் அப்பாக்கள் வண்டியை அணைக்காமலே கேட்பதும், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமாக்கள் கேட்பதும் சுற்றிச் சுற்றி ஒன்றுதான். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்வியைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

சார், லுட்ஸ் ஃபானன்ஸ்டீல்னு ஒரு கீப்பர் பேரையே சொல்லிட்டு இருக்கீங்களே, யாரு அவரு?

ஜெர்மனிக்காரர். 1973-இல் பவேரியாவில் ஸ்வீசல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். உலகப் புகழ் பெற்ற கீப்பர் இல்லை, உலகக் கோப்பையும் ஆடியதில்லை. ஆனால் ஃபிஃபாவின் கீழ் இருக்கும் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் ஆள் அவர்தான். இருபத்தைந்து கிளப் வரை மாறியிருக்கிறார்.

மெஸ்ஸி, ரொனால்டோ கதையைப் பையன்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது போனிலேயே இருக்கிறது. பந்து பிடிப்பதைப் பிழைப்பாக வைத்துக்கொண்ட ஒரு சாதாரண ஆளின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று காட்ட இவர்தான் சரியான ஆள். நல்லது, கெட்டது, ஜெயில், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் இருக்கிறது.

ஆறு கண்டம்னு சொல்றீங்க, புக்குல ஏழு இருக்கே?

கால்பந்துக் கணக்கு வேறு. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்காவும் கரீபியனும் சேர்ந்து ஒன்று, தென் அமெரிக்கா, ஓசியானியா. ஆக ஆறு. அண்டார்டிகாவில் லீக் கிடையாது. ஆஸ்திரேலியாகூட 2006-இல் ஆசியக் கூட்டமைப்புக்கு மாறிவிட்டது, அதனால் ஓசியானியாவில் கால்பந்தில் பெரிய நாடு நியூசிலாந்துதான்.

ஃபானன்ஸ்டீல் ஆசியாவில் மலேசியாவின் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆடினார். ஆப்பிரிக்காவில் தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரட்ஸ், பிற்பாடு நமீபியா. ஓசியானியாவில் நியூசிலாந்தின் டனீடன். வட அமெரிக்காவில் கனடா. ஐரோப்பாவில் சொந்த ஜெர்மனி போக இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே, அல்பேனியா, அர்மேனியா. கடைசியாக 2008-இல் பிரேசிலில் ஒரு சின்ன கிளப்புக்கு இறங்கியதும் ஆறாவது கூட்டமைப்பும் முடிந்தது. டனீடனில் இருந்தபோது ஒரு பெங்குவினைக் கடற்கரையிலிருந்து தூக்கி வந்து வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். சட்டப்படி தப்பு என்று தெரிந்ததும் கொண்டுபோய் விட்டுவிட்டாராம். பையன்கள் கிளப் பெயர் ஒன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, இதை மட்டும் மறப்பதில்லை.

நல்ல கீப்பர்னா ஒரே கிளப்பே விடாம வச்சிருக்குமே, ஏன் இப்படி ஊர் ஊரா அலையணும்?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஃபார்வேர்டு ஆடுபவனுக்கு இடம் இல்லையென்றால் விங்கில் போடலாம், கடைசிப் பதினைந்து நிமிடமாவது இறக்கிவிடலாம். கீப்பருக்கு அது கிடையாது. அணியில் மூன்று கீப்பர் இருந்தாலும் களத்தில் ஒரு ஆள்தான், அவரை அடிபட்டால் ஒழிய மாற்றவும் மாட்டார்கள். மதகு ஷட்டரைத் திறந்து மூட ஒரு லஸ்கர் என்பதுபோலத்தான். இருக்கிறவர் ஓய்வு பெறுகிற வரை அடுத்தவருக்கு அந்தச் சாவி வராது. முதல் கீப்பருக்கு இருபத்திரண்டு வயது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால், இரண்டாவது கீப்பர் பத்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தே வயசாகிவிடலாம்.

அதனால் கீப்பருக்கு முன்னால் இரண்டு வழிதான். பெரிய கிளப்பில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், இல்லையென்றால் ஆட இடம் இருக்கிற ஊருக்குப் போகலாம். ஃபானன்ஸ்டீல் இளம் வயதில் ஜெர்மனியின் பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக் கூப்பிட்டதை விட்டுவிட்டு மலேசியாவுக்கு விமானம் ஏறியது இந்தக் கணக்கில்தான். அவர் போனதை அலைச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் வேண்டிய இடத்துக்கு அவர் போனார், அவ்வளவுதான். அப்புறம், அதிக கிளப் மாறிய உலக சாதனை கீப்பரிடம் இல்லை. உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு என்ற ஃபார்வேர்டு முப்பதுக்கு மேல் கிளப் பார்த்தவர்.

நான் குள்ளமா இருக்கேன், கீப்பர் ஆக முடியாதா?

போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், தரையிலிருந்து பார் வரை 2.44 மீட்டர். இந்த அளவு யாருக்காகவும் மாறாது, அதனால் உயரம் உதவும் என்பது உண்மை. இன்றைக்குத் தொழில்முறை கிளப்புகள் ஆறடிக்கு மேல்தான் தேடுகின்றன. மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் ஐந்தே முக்கால் அடியைத் தொடாதவர், இரண்டு உலகக் கோப்பையில் போஸ்ட்டில் நின்றார். ஆனால் அவர் விதிவிலக்கு. அவர் பெயரைச் சொல்லி உனக்கு ஆசை காட்ட மாட்டேன்.

பதினாலு வயதில் உயரத்தைப் பார்த்து யாரையும் நான் திருப்பி அனுப்பியதும் இல்லை. அந்த வயதில் யார் எவ்வளவு வளர்வான் என்று யாருக்குத் தெரியும்? பந்து வரும் கோணத்தை அடைக்கிற நடை, முதல் அடியின் வேகம், இந்த இரண்டையும் கற்றுக்கொண்டு வளர்ந்தால் நல்லது. வளராவிட்டாலும் அது வீணாகாது.

அறுப்பு முடிஞ்ச வயல்ல தான் சார் ஆடுறோம், அதுல டைவ் அடிச்சா உடம்பு தாங்குமா?

சம்பா அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் வயல் காய்ந்ததும் டெல்டா முழுக்க அங்கேதான் ஆட்டம். எனக்கும் பிடித்த காலம் அதுதான். ஆனால் அந்தக் களிமண் காய்ந்தால் கல். வெடிப்பில் கணுக்கால் மாட்டும், மிஷினில் அறுத்த தாள் ஊசிபோல நிற்கும். அங்கே முழு டைவ் வேண்டாம். நிற்கும் இடம், முன்னால் வந்து கோணத்தை அடைப்பது, உயரப் பந்தைக் கையில் எடுப்பது, இதையெல்லாம் வயலில் பழகலாம்.

டைவ் பழக மணல் வேண்டும். மைதானத்தில் ஒரு மூலையில் மணல் கொட்டி வைத்திருக்கிறோம். முதலில் முட்டி போட்டபடி பக்கவாட்டில் சாய வேண்டும், பிறகு குந்தி உட்கார்ந்தபடி, பிறகு நின்றபடி. கெண்டைக்கால், தொடை, இடுப்பின் பக்கம், தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கை முதலில் ஊன்றினால் தோள்பட்டை போச்சு. வயிறு கீழே பட விழுகிறவனுக்கு மூச்சு அடைக்கும், பந்தும் கண்ணிலிருந்து போய்விடும். பந்தைத் தரையோடு சேர்த்து அழுத்த வேண்டும், கீழ்க் கை பந்துக்குப் பின்னால், மேல் கை பந்துக்கு மேலே.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போது பந்து தரையில் பட்டால் எகிறாது, சறுக்கிக்கொண்டு வரும். நார்வே, இங்கிலாந்து என்று போகிற கீப்பர் வருஷத்தில் பாதியை அப்படித்தான் கழிக்கிறான். அதனால் மழை பெய்தால் லீவு கேட்காதீர்கள், இடி மின்னல் இருந்தால் மட்டும் லீவு.

கிளவுஸ் ரெண்டே மாசத்துல உரிஞ்சு போகுது, என்ன செய்றது?

உள்ளங்கையில் இருப்பது மெத்தென்ற லேடெக்ஸ். பிடிமானம் நன்றாக இருந்தால் ஆயுள் குறைவு, அது அப்படித்தான். ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்குப் பழையது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போடும் முன் உள்ளங்கையை லேசாக ஈரப்படுத்த வேண்டும், காய்ந்த லேடெக்ஸ் பந்தையும் பிடிக்காது, சீக்கிரமும் கிழியும். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் மாடிக் கொடியில் போட்டுவிட்டு என்னிடம் வந்து கம்பெனியைத் திட்டாதீர்கள். எழுந்திருக்கும்போது உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை ஊன்றி எழுந்தாலே பாதி ஆயுள் கூடும்.

கைதான முக்கியம், கீப்பருக்கு எதுக்கு கால் பயிற்சி?

1992-இல் விதி மாறியது. சொந்த அணிக்காரன் காலால் வேண்டுமென்றே தட்டித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. அன்றிலிருந்து கீப்பரும் ஒரு ஃபீல்ட் ஆட்டக்காரன் மாதிரிதான். 2025-இலிருந்து இன்னொரு மாற்றம்: பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணுவார். நம் ஊர் டோர்னமெண்டுகளில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேரம் கடத்தும் பழக்கத்தோடு வெளியே போனால் முதல் ஆட்டத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

நம்ம ஆளுங்க யாராவது இப்படி பெரிய கீப்பரா வந்திருக்காங்களா?

பீட்டர் தங்கராஜ். பிறந்தது ஹைதராபாத் பக்கம், கீப்பராக உருவானது நம் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தபோது ஃபார்வேர்டாக ஆடிக்கொண்டிருந்தவரை போஸ்ட்டுக்கு மாற்றினார்கள். அந்த ராணுவ அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்ஸ், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டித் தங்கம் எல்லாவற்றிலும் அவர் இருந்தார். 1958-இல் ஆசியாவின் சிறந்த கீப்பர் என்று தேர்வானார். 1967-இல் அர்ஜுனா விருது.

ராணுவத்தை விட்டு வந்தபின் கொல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். அந்த ஊரில் ஒரு கிளப்பிலிருந்து எதிர் கிளப்புக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கிளப் என்ற பேச்சே இல்லை, இருந்திருந்தால் அவர் போயிருப்பார் என்பது என் எண்ணம்.

இந்தியாவுல இருந்து ஐரோப்பா போனவங்க?

குர்ப்ரீத் சிங் சந்து. ஈஸ்ட் பெங்காலிலிருந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். அங்கே லீக் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்க 2016 ஆகிவிட்டது. மூன்றாவது கேள்வியில் சொன்ன பெஞ்ச் கணக்குதான், ஆறடி நாலங்குலத்துக்கு மேல் உயரம் இருந்தும். அதே 2016 ஜூன் 30 அன்று வேல்ஸ் நாட்டுக் கிளப் ஒன்றுக்கு எதிராக, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடினார். அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர். 2017-இல் பெங்களூருக்குத் திரும்பி வந்தார். திரும்பி வந்ததைத் தோல்வி என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு வருஷக் காத்திருப்பில் கற்றதை வைத்துத்தான் அவர் பிறகு பல வருஷம் இந்திய அணியின் முதல் கீப்பராக நின்றார்.

பொண்ணுங்களுக்கு இதெல்லாம் கிடைக்குமா அண்ணே? என் தங்கச்சி நல்லா புடிக்கிறா.

கிடைக்கும். அதிதி சவுகான் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை படிக்கப் போனவர். அங்கிருந்தபடியே 2015-இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் கீப்பராகச் சேர்ந்தார். அவர் போனது படிப்பு விசாவில் என்பதைக் கவனியுங்கள். பெண்களுக்கு ஏஜெண்ட் பின்னால் அலைவதைவிட இந்த வழி பல மடங்கு பத்திரம் என்று நினைக்கிறேன். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா, சனிக்கிழமை பெண்கள் தனியாகவே பயிற்சி எடுக்கிறார்கள்.

பத்தாவது பாஸ் பண்ணாட்டி என்ன சார், ஆட்டத்துக்கு மார்க் ஷீட்டா கேப்பாங்க?

கேட்பார்கள், கிளப் இல்லை, பாஸ்போர்ட் ஆபீஸ். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் வரும். அதை வைத்துக்கொண்டு மலேசியா, துபாய், ஓமன், கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய் வருகிற கூத்தாநல்லூர் சபுராளிகள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த முத்திரையின் அருமை அவர்களுக்குத் தெரியும். டிரையல்ஸுக்கு நாலு நாளில் வா என்று கூப்பிடும்போது இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்டர் 15 ஆட வைப்பதற்காக இரண்டு வயது குறைத்து எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பொய் பத்து வருஷம் கழித்து விசா கவுண்டரில் வந்து நிற்கும்.

என் பையனுக்கு பதினாறு வயசு. மலேசியா கிளப்புல சேத்து விடுறேன், ரெண்டு லட்சம் கட்டுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. நம்பலாமா?

நம்பாதீர்கள். ஃபிஃபா விதிப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு வீரர்களைப் பதிவு செய்யக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு: கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபோயிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே பதினாறு வயது தாண்டி மாறினால், எல்லைக்குப் பக்கத்திலேயே வீடும் கிளப்பும் இருந்தால், இப்படிச் சில. உங்கள் பையனுக்கு எதுவும் பொருந்தாது.

இன்னொன்று, ஒழுங்கான ஏஜெண்ட் முன்பணம் கேட்பதில்லை. வீரனுக்கு ஒப்பந்தம் ஆகி வருமானம் வந்தபின் அதில் ஒரு பங்குதான் அவருக்கு. உரிமம் உள்ள ஏஜெண்டா என்று ஃபிஃபாவின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனை டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய், ஒரு பொது மைதானத்தில் இரண்டு நாள் ஓடவிட்டு, செலக்‌ஷன் ஆகவில்லை என்று சொல்லித் திருச்சி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். எந்தக் கிளப் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் அம்மா அடகு வைத்த வளையல் மட்டும் திரும்பி வரவில்லை.

சரி, பதினெட்டு ஆச்சு, நிஜமாவே கூப்பிடுறாங்கன்னா என்ன பாக்கணும்?

எழுத்தில் ஒப்பந்தம். இந்தியக் கூட்டமைப்பிலிருந்து அந்த நாட்டுக் கூட்டமைப்புக்கு சர்வதேச மாறுதல் சான்றிதழ் போக வேண்டும், அது இல்லாமல் லீக் ஆட்டத்தில் ஆட முடியாது. வேலை விசா, தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, இவையெல்லாம் தாளில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஒப்பந்தம் ஆகாது.

சம்பளம் நின்றுபோவது சின்ன கிளப்புகளில் சகஜம், பல நாடு சுற்றிய எந்தக் கீப்பரும் அதைப் பார்த்திருப்பார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து நாள் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி இடம் தருகிறது. சண்டை போட்டுக்கொண்டு பாதியில் ஊருக்கு வந்துவிட்டால் தப்பு உங்கள் பக்கம் ஆகிவிடும். நோட்டீஸ் முக்கியம்.

ஒரே சீசன்ல எத்தனை கிளப் மாறலாம்?

மூன்று கிளப்பில் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டுக்குத்தான் பொதுவாக ஆடலாம். மாறுவதும் டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்திருக்கும் காலத்தில் மட்டும்.

ஒரு சந்து இருக்கிறது. விண்டோ மூடும் முன்பே ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கும் வீரரை, அந்த நாட்டு விதி அனுமதித்தால், பிற்பாடும் சேர்க்கலாம். நடு சீசனில் முதல் கீப்பருக்குக் கை உடைந்து, இரண்டாவது கீப்பர் சின்னப் பையன் என்றால் கிளப் யாரைத் தேடும்? வேலையில்லாமல் உடம்பைத் தயாராக வைத்திருக்கும் அனுபவக் கீப்பரைத்தான். ஊர் சுற்றும் கீப்பர்களுக்கு வேலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. போன் வரும், மறுநாள் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம்.

அந்த ஜெர்மன்காரரு சிங்கப்பூர்ல ஜெயில்ல இருந்தாராமே? எங்க சித்தப்பா அங்கதான் இருக்காரு, அவரு சொன்னாரு.

உண்மை. சிங்கப்பூரில் கெய்லாங் கிளப்புக்கு ஆடியபோது ஆட்டத்தை விலை பேசிய வழக்கில் 2001-இல் தண்டிக்கப்பட்டு, நூறு நாள் போல சிறையில் இருந்தார். தான் குற்றம் செய்யவில்லை என்றுதான் அவர் சொல்லி வருகிறார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

ஆனால் பையன்களுக்கு இதைச் சொல்லாமல் விட மாட்டேன். சூதாட்டக்காரன் முதலில் வந்து நிற்பது கீப்பரிடம்தான். ஒரு கிராஸைக் கையிலிருந்து நழுவ விட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அவன் வரும்போது பணக்கட்டோடு வர மாட்டான். "நாளைக்கு ஜெயிப்பீங்களா தம்பி, யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பான். பதில் சொல்லாதே, கேட்டான் என்பதைக் கிளப்பில் சொல்லிவிடு. யாரோ அணுகியதைச் சொல்லாமல் மறைத்தாலே கால்பந்து விதிப்படி தண்டனை உண்டு. சம்பளம் இரண்டு மாதம் வராத பையன்தான் இந்தத் தூண்டிலில் மாட்டுவான், அதற்குத்தான் முன்னால் நோட்டீஸ் பற்றி அவ்வளவு சொன்னேன்.

செத்துப் பொழச்சவருன்னும் சொன்னீங்களே, அது என்ன கதை?

2002 டிசம்பர் 26. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ என்ற சின்ன கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். பந்தை எடுக்க முன்னால் பாய்ந்தபோது எதிரணிக்காரரின் முழங்கால் மார்பில் மோதியது. களத்திலேயே மூன்று தடவை மூச்சு நின்றது. அணியின் பிசியோ விடாமல் வாய்வழி சுவாசம் கொடுத்து உயிரை மீட்டார். ஆட்டத்தைக் கைவிட்டார்கள். அவர் பிழைத்தார், மறுபடியும் ஆடினார்.

இதைக் கேட்டுவிட்டு அம்மாக்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான். செல்சியின் பீட்டர் செக் 2006-இல் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் முழங்கால் பட்டு மண்டையோடு விரிசல் விட்டவர். அதன்பின் 2019 வரை தலைக்கவசத்தோடே ஆடினார். எங்கள் மைதானத்தில் மூன்று விஷயம் கட்டாயம். முன்னால் பாயும்போது ஒரு முட்டியை மடக்கி உடம்பைக் காத்துக்கொள்வது, 'கீப்பர்' என்று உரக்கக் கத்திவிட்டு வருவது, தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "ஒண்ணும் இல்ல சார், நல்லாதான் இருக்கேன்" என்று எந்தப் பையன் சொன்னாலும் கேட்பதில்லை. வாந்தி, தலைசுற்றல், கேட்டதையே திரும்பக் கேட்பது, தூக்கக் கலக்கம் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. நெஞ்சு அழுத்தி உயிர் மீட்கும் முறை பெரிய பையன்கள் எல்லோருக்கும் தெரியும், 108 வருகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்?

கீப்பருக்கு ஆயுள் கெட்டி. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் நாற்பத்தைந்து வயதில் இறங்கி, சவூதிக்கு எதிராக ஒரு பெனால்டியையும் பிடித்தார். இங்கிலாந்தின் ஜான் பரிட்ஜ் நாற்பத்து மூன்று வயதில் மான்செஸ்டர் சிட்டிக்காகப் பிரீமியர் லீக் ஆடியவர். ஊர் சுற்றியதில் அவரும் ஃபானன்ஸ்டீலுக்குச் சளைத்தவர் இல்லை.

அதுக்கப்புறம் சோத்துக்கு?

ஃபானன்ஸ்டீல் ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் கிளப்புக்கு ஆள் தேடும் வேலையில் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் சிட்டி என்ற புதிய கிளப்பை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது, 2023-இல் முதல் சீசனிலேயே அது மேற்குப் பிரிவில் முதலிடம். இத்தனை நாட்டில் ஆடியவருக்கு எந்த ஊரில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று சொல்ல ஆள் இருக்கிறது. சுற்றியதன் கூலி அதுதான்.

பரிட்ஜ் ஓமனுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அங்கே தீயணைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த அலி அல்-ஹப்ஸி என்ற பையனைக் கண்டெடுத்தார். அவன் நார்வே போய், 2006-இல் போல்டனுக்கு வந்து, பிரீமியர் லீக் ஆடிய முதல் ஓமன்காரன் ஆனான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம் ஊர் ஆட்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

நம் பையன்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வழி இருக்கிறது. ரயில்வே, போலீஸ், வங்கி அணிகள் கீப்பரைத் தேடும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அதற்கு மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும், அதனால் ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுக் கனவு ஒரு பக்கம் இருக்கட்டும், இதை விட்டுவிடாதீர்கள்.

என் அண்ணன் மகன் சிங்கப்பூர்ல பொறந்து அந்த ஊரு பாஸ்போர்ட் வச்சிருக்கான். அவன் இந்தியாவுக்கு ஆடலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை போதாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அதனால் அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கும். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அப்படித்தான் ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013-இல் இந்திய அணிக்கு ஆடினார். கிளப்புக்கு வெளிநாட்டு வீரராக ஆடுவது வேறு விஷயம். அங்கே மறுபடியும் பெஞ்ச் கணக்கு வரும்: வெளிநாட்டவருக்கு இருக்கும் கொஞ்ச இடத்தை எந்தக் கிளப்பும் ஃபார்வேர்டுக்குத்தான் கொடுக்கப் பார்க்கும், கீப்பரை உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளும்.

பையன் பெரிய கிளப்புக்குப் போயிட்டா, வளத்து விட்ட நம்ம ஊர் கிளப்புக்கு எதாவது வருமா?

வரும், ஆனால் யாரும் வாங்குவதில்லை. நாடு விட்டு நாடு பணம் கொடுத்து வீரரை மாற்றும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவன் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை வருஷத்துக்குக் கால் சதவீதம், அதன்பின் அரை சதவீதம். ஒரு கோடிக்கு மாறினால், அந்த முதல் நாலு வருஷம் வளர்த்த கிளப்புக்கு ஒரு லட்சம். நமக்கு மணலும் கிளவுஸும் ஒரு வருஷத்துக்கு ஆச்சு.

நிபந்தனை இரண்டு. கிளப் சங்கத்தில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், பையன் அந்தந்த சீசனில் அந்தக் கிளப்பின் பெயரில் இந்தியக் கூட்டமைப்பின் கணினிப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். "எங்க ஊர் வயல்லதான் ஆடினான், ஊருக்கே தெரியும்" என்பது செல்லாது. அதற்காகத்தான் சேர்ந்த முதல் வாரமே பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கேட்கிறேன். ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலை மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள்.